பழைய அவுட்போர்டு எஞ்சின்: மூன்றைப் பார்த்தோம், ஒன்றை எடுத்தோம்

போன மாசியில் என் மச்சானின் வள்ளத்தின் பின்புறம் மாட்டியிருந்த அவுட்போர்டு எஞ்சின் உயிரை விட்டது. கரையிலிருந்து நாலு மைல் தள்ளி வலை வளைத்துக்கொண்டிருந்தபோது ஒரே ஒரு ‘டக்’. கரைக்கு இழுத்து வந்து மூடியைத் திறந்தால், கனெக்டிங் ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கிறது. அதற்கு மேல் அதில் காசு போடுவதில் அர்த்தமில்லை. புதிது வாங்கக் கையில் பணமும் இல்லை. “பழசாப் பாப்போம் மச்சான், நீ கூட வந்தாப் போதும்” என்றான்.

நான் கடலுக்குப் போகிறவன் இல்லை. ஆறு வருடம் ஒரு அவுட்போர்டு பட்டறையில் கைவேலை பார்த்தவன். இப்போது வேறு பிழைப்பு. எண்ணெய்க் கறை போனாலும் எஞ்சின் சத்தம் கேட்டால் காது தானாகத் திரும்பும். ஒரு வாரத்துக்குள் மூன்று எஞ்சின்களைப் பார்த்தோம். மூன்றும் 9.9 குதிரைசக்தி. மற்ற எல்லாவற்றிலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

முதலாவது எங்கள் கரையிலேயே ஓடுகிற மண்ணெண்ணெய் டூ-ஸ்ட்ரோக். பதினோரு வயது. மூடியில் நாலு இடத்தில் ஃபைபர் ஒட்டு, பெயிண்ட் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. பெரிய எஞ்சினுக்கு மாறுவதால் விற்கிறார். கேட்ட விலை 55,000. இரண்டாவது, பக்கத்துத் துறைமுகத்தில் ஒரு கடையில் இருந்த ‘ரீகண்டிஷன்’ டூ-ஸ்ட்ரோக். மாப்பிள்ளை மாதிரி மினுங்கியது. 80,000, மூன்று மாத வாரண்டி, வாய்ச்சொல்லாக. மூன்றாவது, கேரளப் பக்கம் காயலில் சுற்றுலாப் படகில் ஓடிய பெட்ரோல் ஃபோர்-ஸ்ட்ரோக். ஐந்து வயது, அதில் கடைசி இரண்டு வருடம் ஷெட்டில் சும்மா கிடந்தது. 95,000.

நீளமான தண்டின் நுனியில் ப்ரொப்பெல்லர் சுற்றும் டீசல் லாங்-டெயில் வாங்கலாமே என்று ஒருவர் சொன்னார். சென்னை, கடலூர்ப் பக்கம் அது நிறைய ஓடுகிறது. பம்ப்செட் தெரிந்த எவரும் கைவைக்கலாம், எண்ணெய்ச் செலவும் குறைவு. ஆனால் மச்சானின் வள்ளம் அவுட்போர்டு மாட்டுவதற்கென்றே அமரத்தை, அதாவது பின்முனையை, வெட்டிக் கட்டியது. எஞ்சினுக்காக வள்ளத்தை மாற்றுவதா? அந்தப் பேச்சை அத்தோடு விட்டோம்.

வயதைவிடப் பிழைப்பு முக்கியம்

பைக், கார் வாங்கும்போது கிலோமீட்டர் பார்ப்போம். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் சின்ன அவுட்போர்டில் பார்ப்பதற்கு அப்படி ஒரு மீட்டரே கிடையாது. கம்ப்யூட்டர் வைத்த பெரிய ஃபோர்-ஸ்ட்ரோக்குகளில் கதை வேறு. மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது, அதில் முழு வேகத்தில் எவ்வளவு என்பதுவரை டீலர் தன் கருவியைச் சொருகிப் படித்துச் சொல்லிவிடுவார். அந்த வகை வாங்குகிறவர்கள் அதற்கு ஆகும் கட்டணத்தைப் பார்க்காமல் படித்துக்கொள்ளுங்கள்.

நம் சின்ன எஞ்சினுக்கு மனக்கணக்குத்தான். தினம் ஐந்து மணி நேரம், வருடத்துக்கு 200 நாள் என்று வைத்தால் 1,000 மணி. பொழுதுபோக்குப் படகில் மாட்டிய எஞ்சின் வருடத்துக்கு 50, 100 மணி ஓடினாலே அதிகம். அதாவது பத்து வருடப் பொழுதுபோக்கு, மீன்பிடியில் ஒரே வருடம். ஆகவே வயதைக் கேட்டு ஒன்றும் தெரியப் போவதில்லை. இது இத்தனை நாள் என்ன வேலை செய்து பிழைத்தது என்று கேட்க வேண்டும். தினம் உழைத்த எஞ்சினுக்கு நோய் ஓர் இடத்தில் வரும், சும்மா கிடந்ததற்கு வேறோர் இடத்தில் வரும், பெயிண்ட் அடித்ததற்கு அந்தப் பெயிண்டுக்கு அடியில் இருக்கும். மூன்றையும் ஒரே பட்டியலை வைத்துச் சோதித்தால் மூன்றிலும் ஏமாறலாம்.

பதினோரு வயது மண்ணெண்ணெய் எஞ்சின் ஏறக்குறைய 10,000 மணி ஓடியிருக்கும். அவ்வளவு நேரம் எந்த பிஸ்டனும் ரிங்கும் தாங்காது. ஆக, ஏற்கனவே பிரித்து வேலை பார்த்திருக்கிறார்கள் என்பது நிச்சயம். அப்போது கேட்க வேண்டிய கேள்வி: “போர் எத்தனை தடவை பண்ணியாச்சு?” தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலமாக்குவதுதான் போர், பிறகு அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டும். இந்த வகை எஞ்சின்களுக்குப் பொதுவாக 0.25, 0.50 மில்லிமீட்டர் என்று இரண்டு ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்கும். 0.50 வரை போய்விட்டதென்றால் அடுத்தது சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்ற புது உறை போடுவது, இல்லையென்றால் பிளாக்கையே மாற்றுவது. விற்கிற அண்ணன் இரண்டு வருடத்துக்கு முந்தைய பில்லை ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்துக் காட்டினார். 0.25. இன்னும் ஒரு தடவைக்கு இடமிருக்கிறது. அந்த ஒரு காகிதத்துக்கே நான் மனத்துக்குள் ஐயாயிரம் ரூபாய் மதிப்புப் போட்டேன்.

பையில் எடுத்துப் போனவை

பிளக் ஸ்பானர், கம்ப்ரஷன் கேஜ், பட்டையான பெரிய ஸ்க்ரூடிரைவர், டார்ச், கண்ணாடிப் பாட்டில் ஒன்று, பழைய துணி, அளவு டேப். டேப்பை ஏன் கடைசியாகச் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

கிளம்பும் முன் விற்பவரிடம் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். போனதும் மூடியைத் திறந்து சிலிண்டர் ஹெட்டில் கை வைக்க வேண்டும். சூடாக இருந்தால் நமக்கு முன்னாலேயே யாரோ கஷ்டப்பட்டு அதை எழுப்பியிருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் எத்தனை இழுப்பில் எழும்புகிறது என்பது பாதி ஜாதகம். மீதிப் பாதி, நன்றாகச் சூடான பிறகு அணைத்துப் பத்து நிமிடம் கழித்து மறுபடி இழுக்கும்போது தெரியும். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் காயிலும் சிடிஐ பெட்டியும் சூட்டில்தான் காலை வாரும். கடையில் டிரம் தண்ணீரில் இரண்டு நிமிடம் ஓட்டிக் காட்டும்போது அவை சாதுவாகவே இருக்கும்.

கடை எஞ்சின் நாங்கள் போனபோது சுட்டது. “இப்பத்தான் ஒரு பார்ட்டிக்குப் போட்டுக் காட்டினேன்” என்றார்கள். இருக்கலாம். ஆறும்வரை டீ குடித்துவிட்டு வருகிறோம் என்றோம். அவர்கள் முகம் மாறியதை மச்சானும் கவனித்தான்.

கம்ப்ரஷன்: எண்ணைவிட வித்தியாசம்

இரண்டு பிளக்கையும் கழற்றி, பிளக் கேபிள்களை எஞ்சின் உடம்போடு எர்த் செய்துவிட்டு, ஒவ்வொரு பிளக் துளையிலும் கேஜை மாட்டி, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து வைத்துக் கயிற்றை ஏழெட்டு முறை இழுக்க வேண்டும். சிலிண்டருக்குள் பிஸ்டன் எவ்வளவு அழுத்துகிறது என்பதை அது காட்டும். எர்த் செய்யாமல் இழுத்தால் சிடிஐ போக வாய்ப்புண்டு. வாங்காத எஞ்சினுக்கு நாம் தண்டம் கட்ட வேண்டி வரும். கேஜில் வரும் எண் பெரிதா சிறிதா என்பது இரண்டாம்பட்சம். மண்ணெண்ணெய் எஞ்சினுக்குக் கம்ப்ரஷன் இயல்பாகவே குறைவு. பெட்ரோல் எஞ்சினை உள்ளூரில் மண்ணெண்ணெய்க்கு மாற்றும்போது ஹெட் கேஸ்கெட் இரண்டாகப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதிலும் குறையும். இரண்டு சிலிண்டருக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் விஷயம். பத்து சதவீதத்துக்குள் என்றால் நிம்மதி. பதினைந்தைத் தாண்டினால் அந்தச் சிலிண்டருக்குள் ஏதோ கதை இருக்கிறது.

கரை எஞ்சினில் 92, 90 என்று வந்தது. ரெண்டும் சேர்ந்து கிழடாகிக்கொண்டிருக்கின்றன, நல்ல தம்பதி மாதிரி. கடை எஞ்சினில் 118, 92. முதல் எண்ணைப் பார்த்து மச்சான் சிரித்தான், இரண்டாவதைப் பார்த்ததும் நிறுத்தினான். “ரிங்கு இன்னும் செட் ஆகலை, ரெண்டு நாள் ஓடினா வந்துடும்” என்றார் கடைக்காரர். புது ரிங் செட் ஆவதற்கு நேரம் பிடிக்கும் என்பது உண்மை. ஒன்று மட்டும் செட் ஆகி மற்றது ஆகாமல் 26 பாயிண்ட் பின்தங்குவதை நான் பட்டறையில் பார்த்ததில்லை.

காயல் எஞ்சினில் இந்தக் கேஜை நம்ப முடியாது. கயிறு இழுக்கும் ஃபோர்-ஸ்ட்ரோக் பலவற்றில், இழுக்க எளிதாக இருக்கட்டும் என்று மெதுவாகச் சுற்றும்போது வால்வைக் கொஞ்சம் திறந்து வைக்கும் ஏற்பாடு உண்டு. அதனால் நல்ல எஞ்சினும் குறைவான எண்ணையே காட்டும். தெரியாமல் பார்த்துப் பயந்து நல்ல எஞ்சினை விட்டவர்கள் உண்டு. அதற்கு டிப்ஸ்டிக்கை உருவிப் பார்ப்பதே மேல். ஆயில் பால் நிறமானால் தண்ணீர். அளவுக் கோட்டுக்கு மேலே ஏறி பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் கீழே இறங்குகிறது. இந்த எஞ்சினில் இரண்டும் இல்லை. ஆயில் தேன் மாதிரி இருந்தது.

கியர் பெட்டி: பால் டீ

ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கீழே கியர் பெட்டியின் அடித் திருகை மெல்லத் தளர்த்தி, முதலில் வருவதைப் பாட்டிலில் பிடிக்க வேண்டும். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், அடியில் தங்கும். அதனால் அதுதான் முதலில் வரும். கலங்கிப் பால் டீ நிறத்தில் வந்தால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் சீல் வழியாகத் தண்ணீர் போகிறது. பெரும்பாலும் குற்றவாளி நைலான் நரம்பு. வலையிலிருந்து அறுந்த நரம்பு ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு, இறுகி இறுகி சீலை அறுத்துவிடும்.

கரை எஞ்சினில் அசல் பால் டீ. ப்ரொப்பெல்லரைக் கழற்றினால் பின்னால் பச்சை நரம்பு ஒரு சின்னக் கண்டு அளவுக்கு உருண்டு கிடந்தது. அண்ணன் மறைக்கவில்லை. “பத்து நாளா அப்பிடித்தான் மக்கா கெடக்கு. சீல் போயிருக்கும். வெலையில கழிச்சுக்க, கேட்டியா” என்றார். அடித் திருகின் காந்தத்தில் சாம்பல் நிறக் கூழ் கொஞ்சம் ஒட்டியிருந்தது, அது சாதாரணத் தேய்மானம். இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தேன், குத்தவில்லை. செதிலாகவோ துணுக்காகவோ உலோகம் வந்திருந்தால் அங்கேயே கை கழுவிவிட்டு எழுந்திருப்பேன். கியர் பற்களும் பேரிங்கும் மாற்றுகிற செலவில் பழைய எஞ்சினில் பாதி வாங்கிவிடலாம்.

கடை எஞ்சினில் கியர் ஆயில் பொன்னிறம். காயல் எஞ்சினிலும் பொன்னிறம். ஆனால் இரண்டுக்கும் ஒரே அர்த்தம் இல்லை. காயல் எஞ்சினின் திருகில் பழைய அழுக்கும் பாசியும் படிந்திருந்தன. யாரும் அண்மையில் தொடவில்லை. கடை எஞ்சினின் திருகு முகத்தில் ஸ்க்ரூடிரைவர் போட்ட புதுக் கீறல். நேற்று ஊற்றிய ஆயில் இன்று தெளிவாகத்தான் இருக்கும். அதைக் கடலில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி திறக்க வேண்டும். “அதெல்லாம் வாங்கின பிறகு” என்றார்கள்.

பெயிண்டுக்கு அடியில்

கடை எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அவசரத்தில் இருப்பவர்கள் அதைத்தான் வாங்குவார்கள். நானே பட்டறையில் அப்படிப் பெயிண்ட் அடித்திருக்கிறேன், அதனால் ஒளிக்கிற இடம் தெரியும்.

முதலில் துத்தநாக ஆனோடு. உப்புத்தண்ணீர் அலுமினியத்தை அரிப்பதற்குப் பதிலாகத் தான் கரைந்துபோவதற்கென்றே மாட்டியிருக்கும் கட்டி அது. பாதி கரைந்து சொறி பிடித்திருந்தால் நல்லது, வேலை செய்திருக்கிறது. அதன்மேல் பெயிண்ட் அடித்தால் அது செத்த மாதிரி. அரிப்பெல்லாம் எஞ்சின் உடம்புக்கே போகும். கடையில் ஆனோடின்மேலும் அதே மினுமினுப்பு. ஹோஸ் கிளிப்பின்மேலும், ஒரு வயரின்மேலும்கூட. பிரிக்காமல் மூடி வைத்தபடியே ஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள். ஒழுங்காக ரீகண்டிஷன் செய்தவன் எல்லாவற்றையும் கழற்றியிருப்பான். கழற்றியிருந்தால் கிளிப்பில் பெயிண்ட் படாது.

அடுத்தது குளிர்விக்கும் தண்ணீர். ஓடும்போது பக்கத்து ஓட்டையிலிருந்து தண்ணீர் பீறிட வேண்டும். எங்கள் கரையில் இதற்கு வழங்கும் சொல்லை இங்கே எழுத முடியாது, ஊகித்துக்கொள்ளுங்கள். அங்கே தண்ணீர் நன்றாக வந்துவிட்டால் எல்லோரும் திருப்தியாகிவிடுவார்கள். அது சொல்வதெல்லாம் பம்ப் தண்ணீரைத் தூக்குகிறது என்பதை மட்டும்தான். சிலிண்டரைச் சுற்றியுள்ள பாதை உப்பால் அடைபட்டிருக்கிறதா என்பதை அது சொல்லாது. டிரம்மில் பத்து நிமிடம் ஓடிய பிறகு விரலை நனைத்து ஹெட்டின்மேல் இரண்டு சொட்டு உதறினேன். மேல் சிலிண்டர் பக்கம் சொட்டு சும்மா வழிந்தது. கீழ்ச் சிலிண்டர் பக்கம் ‘சுர்’ரென்று பொரிந்தது. தோசைக்கல்லில் தெளிப்பதுபோல. 92 காட்டிய சிலிண்டர் எது என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, எண். மாட்டும் பிராக்கெட்டில் ஒரு தகட்டில் சீரியல் எண் இருக்கும். எஞ்சின் பிளாக்கில் ஒரு வட்ட அடைப்பிலும் அதே எண்ணை அடித்திருப்பார்கள். இங்கே இரண்டும் வேறு வேறு. “பிளாக் மாத்தினது” என்றார்கள். அதுவும் உண்மையாக இருக்கலாம்தான். ஆனால் வள்ளத்தின் பதிவில் எஞ்சின் விவரமும் ஏறும். மானிய மண்ணெண்ணெய் வாங்கும்போதும், சோதனையின்போதும், எண் ஒத்துப்போகவில்லை என்றால் மீன்வளத்துறை அலுவலகத்துக்கும் கரைக்குமாக நடப்பது வாங்கியவன்தான். தகடே இல்லையென்றால் பேசவே வேண்டாம். திருட்டு எஞ்சின்கள் அப்படித்தான் கைமாறும். இன்னொன்றும் கேளுங்கள்: அரசு மானியத்தில் வாங்கிய எஞ்சினா? அப்படியென்றால் விற்க நிபந்தனை ஏதும் உண்டா என்று எழுத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

ரீகண்டிஷன் என்றாலே மோசடி என்று நான் சொல்லவில்லை. நான் வேலை பார்த்த இடத்தில் முதலாளி கழற்றிய பழைய பேரிங், பிஸ்டன், சீல் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி எஞ்சினோடு கொடுப்பார். போர் அளவை மூடியின் உள்பக்கம் மார்க்கரில் எழுதுவார். பெயிண்ட் அடிக்க மாட்டார், கேட்டால் அதற்குத் தனிக் காசு என்பார். அப்படி ஒரு கை கிடைத்தால் 80,000 கொடுத்தாலும் நஷ்டமில்லை.

முழுகின எஞ்சினா?

எங்கள் கரையில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். துறைமுகம் இல்லாத இடத்தில் அலையை உடைத்துக்கொண்டு ஏற வேண்டும், இறங்க வேண்டும், கவிழ்வது சகஜம். கடல் குடித்த எஞ்சினை அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசி, ஆயில் விட்டு ஓட்டிவிட்டால் பிழைக்கும். இரண்டு நாள் விட்டால் கிராங்க் பேரிங்கில் துரு குடியேறும், ஆறு மாதம் கழித்துத்தான் கொல்லும். மச்சானின் பழைய எஞ்சின் செத்தது அப்படித்தான் என்று என் சந்தேகம். அவன் ஒத்துக்கொள்ள மாட்டான். பார்க்க வேண்டியது ஃப்ளைவீலுக்கு அடியில் டார்ச் அடித்து. வெள்ளை உப்புப் பொடி, மேல் பேரிங்கைச் சுற்றிச் செம்மண் நிறக் கசிவு, கார்புரேட்டருக்கு முன்னால் உள்ள பெட்டியில் மணல். கரை எஞ்சினில் மணல் கொஞ்சம் இருந்தது, துரு இல்லை. அண்ணனே சொன்னார்: நாலு வருடத்துக்கு முன் ஆடியில் ஒரு தடவை கவிழ்ந்தது, அன்றைக்கு ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்து அலசினார்களாம்.

காயல் எஞ்சின்மேல் வந்த ஆசை

உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடித்தது இதுதான். ஓடுகிறதா இல்லையா என்று காதை வைத்துக் கேட்க வேண்டும், அவ்வளவு அமைதி. புகை இல்லை. எண்ணெய்ச் செலவு டூ-ஸ்ட்ரோக்கைவிடக் கணிசமாகக் குறையும். ஆனோடு பாதி கரைந்து அழகாக இருந்தது. மொத்தமே சில நூறு மணி ஓடியிருக்கும்.

சும்மா கிடந்ததற்கான நோய்கள் இருந்தன. சோக் இழுத்து வைத்தால் ஓடுகிறது, தள்ளினால் திணறுகிறது. கார்புரேட்டர் ஜெட்டில் பிசின். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அவுட்போர்டு கம்பெனிகள் பெரும்பாலும் 10 வரைதான் ஒத்துக்கொள்கின்றன. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், கடைசியில் தண்ணீரோடு சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். இரண்டு வருடம் அப்படிக் கிடந்தால் கார்புரேட்டர், ஃப்யூவல் பம்ப் ரப்பர் எல்லாம் பார்க்க வேண்டும். தண்ணீர் பம்பின் இம்பெல்லர் இதழ்கள் ஒரே பக்கம் மடங்கி விறைத்திருக்கும். டைமிங் பெல்ட்டும் ரப்பர்தான், ஓடாவிட்டாலும் வயதாகும். எல்லாம் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டாயிரம் என்று கணக்குப் போட்டேன். இவை தெரிந்த செலவுகள். கடை எஞ்சினில் கீழ்ச் சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது என்பதுபோல இருட்டு இல்லை.

மச்சான் அட்வான்ஸ் கொடுக்கப் பையில் கை விட்டபோதுதான் டேப்பை எடுத்தேன். ஷாஃப்ட், அதாவது எஞ்சினின் கால் நீளம், 15 அங்குலம். மச்சானின் வள்ளத்துக்கு 20 வேண்டும். குட்டைக் காலை உயரமான அமரத்தில் மாட்டினால் ப்ரொப்பெல்லர் காற்றைக் கடையும். அமரத்தை வெட்டி இறக்கினால் அலை உள்ளே வரும். போனிலேயே கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி. கேட்காததால் இரண்டு பஸ் மாறிப் போய், மீன் குழம்புச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினோம்.

திரும்பும் வழியில் யோசித்தேன்: 20 அங்குலமாக இருந்திருந்தால் வாங்கச் சொல்லியிருப்பேனா? மச்சானுக்கு, இல்லை. ஃபோர்-ஸ்ட்ரோக் மாடலைப் பொறுத்துச் சில கிலோவிலிருந்து பதினைந்து கிலோவரை கூடுதல் கனம். தினம் மணலில் தோளில் தூக்க வேண்டும். மணலில் கிடத்தும்போதும் சொன்ன பக்கமாகத்தான் கிடத்த வேண்டும், தவறினால் ஆயில் சிலிண்டருக்குள் ஏறும். இருட்டில், அவசரத்தில், நாலு பேர் தூக்கிப் போடும்போது யார் பக்கம் பார்க்கப் போகிறார்கள்? ஒருமுறை அலையில் முழுகினால் வால்வு, ஆயில் என்று அலசுவதும் பெரிய வேலை. மண்ணெண்ணெய் மானியமும் இதற்கு உதவாது. துறைமுகத்துக்குள் கட்டிப்போடுகிற வள்ளம், காயலில் ஓடுகிற தோணி, பகலில் பயணிகளை ஏற்றுகிற படகு என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதையே எடுக்கச் சொல்வேன்.

கடலில் ஒரு காலை

கரை எஞ்சினை மறுநாள் விடியற்காலை கடலில் பார்த்தோம். மூன்றாவது இழுப்பில் எழும்பியது, பெட்ரோலில். இரண்டு மூன்று நிமிடத்தில் சூடு பிடித்ததும் அண்ணன் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். சத்தம் கொஞ்சம் கரகரத்தது, புகை கூடியது, வேகம் குறையவில்லை. வலையும் ஐஸ் பெட்டியுமாக ஏற்றிக்கொண்டே முழு ஆக்ஸிலேட்டரில் இருபது நிமிடம். பாரத்தில் ஓட்டினால்தான் கியர் வழுக்கித் துள்ளுகிறதா, ப்ரொப்பெல்லரின் ரப்பர் புஷ் நழுவுகிறதா என்று தெரியும். டிரம்மில் இது எதுவும் தெரியாது. துள்ளவில்லை. பிறகு வலை இழுக்கும் வேகத்துக்கு இறக்கினோம். அந்தக் குறைந்த வேகத்தில் கொஞ்சம் நொண்டியது. பிளக்கைக் கழற்றினால் ஈரக் கரி. மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு அது பிறவிக் குணம். துடைத்துப் போட்டதும் சரியானது. பிளக் நுனியில் அலுமினியத் துகள் மினுங்கினால் பிஸ்டன் உருகுகிறது என்று அர்த்தம், அப்படி எதுவும் இல்லை. அணைத்துப் பத்து நிமிடம் மிதந்தோம். ஒரே இழுப்பு.

எனக்கு முடிவு வந்தது இதில் எதிலும் இல்லை. திரும்பும்போது அலைக்கு வெளியே, கரைக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கையில், அண்ணன் என்னோடு மீன் விலை பேசிக்கொண்டே, பார்க்காமலே, கையைப் பின்னால் நீட்டிக் குழாயைப் பெட்ரோலுக்குத் திருப்பினார். மண்ணெண்ணெயிலேயே அணைத்தால் கார்புரேட்டரில் அது தங்கி மறுநாள் ஸ்டார்ட் எடுக்காது, நாளாக நாளாகக் கரியும் ஏறும். பதினோரு வருடம் தினம் செய்தவருக்குத்தான் கை அப்படித் தானாகப் போகும்.

பால் டீ பாட்டிலை மணலில் வைத்துக்கொண்டு பேரம் பேசினோம். நாங்கள் எட்டாயிரம் குறைக்கச் சொன்னோம், அவர் ஐந்து குறைத்தார், பழைய ப்ரொப்பெல்லர் ஒன்றும் சேர்த்துக் கொடுத்தார். 50,000. சீல், இம்பெல்லர், ஆனோடு, கியர் ஆயில், என் கூலி ஒரு மீன் குழம்பு. சீல் மாற்றிய பிறகு கியர் பெட்டியில் சைக்கிள் பம்பால் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினோம். முதல் தடவை ஷாஃப்ட் பக்கம் ஒரு சின்னக் குமிழி, விட்டுவிட்டு வந்தது. சீல் உதடு உரசும் இடத்தில் ஷாஃப்டில் நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. சீலை ஒரு நூல் வெளியே இழுத்து, தேயாத இடத்தில் உட்கார வைத்தேன். இரண்டாவது தடவை குமிழி இல்லை.

அண்ணன் இப்போது பெரிய எஞ்சினோடு பக்கத்தில்தான் கரை பிடிக்கிறார். ஒவ்வொரு நாளும் அலைக்கு வெளியே இரண்டு வள்ளமும் சந்திக்கும்போது, அந்தச் சத்தத்தையும் மீறி அவர் குரல் கேட்கிறது என்கிறான் மச்சான்: “மக்கா, குழாயத் திருப்பிட்டியா?”